வீரசிங்கம் என்றொரு கொடையாளர்

என் கடையில் பிளேன்ரீக்கு, அந்தப் பால் விடாத தேத்தண்ணிக்கு, நான் காசு வாங்குவதில்லை, ஐயா. இன்டர்நெட்டுக்கு மட்டுந்தான். பெரியாஸ்பத்திரி நடை தூரம் என்பதால் தாதிமாரும் வந்து குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் குருதிக் கொடையாளர் பட்டியலும் அப்படித்தான், இலவசம். யாரும் வந்து உட்கார்ந்து பெயர், ஊர், குருதி வகை, தொலைபேசி இலக்கம் என்று எங்கள் இணையப் பக்கத்தில் ஏற்றலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். சண்டை மறுபடி மூண்ட வருடம் அது. வெருகலிலிருந்து நிலாவெளி வரை ஆட்கள் பெயர் கொடுத்தார்கள். கமலேஸ்வரி சல்லிக் கிராமத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயர் சேர்த்து வந்து கணினியில் தட்டுவாள்.

"கதிரவேல் அண்ணை, உங்கட பிளேன்ரீயைக் குடிச்சா இருக்கிற இரத்தமும் தண்ணியாப் போயிடும்," என்று சிரிப்பாள். அவளுக்குச் சீனி கூடப் போட்டுக் கொடுப்பேன்.

அவள் கணவன் ஞானசேகரம் ஒரு தொண்டு நிறுவனத்தின் தலைவன். முழுப் பட்டியலையும் எடுத்துப் புத்தகமாக அச்சடித்தான். அட்டையில் அவன் படம். உள்ளே, பதிப்புரிமை அவனுக்கே என்று ஒரு வரி. அதையும் பொறுத்தேன். பிறகு, நான்தான் அவனுடைய புத்தகத்தைத் திருடிப் போட்டிருக்கிறேன் என்று இணைய நிறுவனத்துக்கு முறைப்பாடு அனுப்பினான். அவர்கள் எங்கள் பக்கத்தை மூடிவிட்டார்கள். நேரில் போய்க் கேட்டேன்.

"ஊர்ச் சொத்தெண்டு சொன்னது நீர்தானே? நானும் இந்த ஊர்தான் காணும்," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வழக்கறிஞர் அப்துல் மஜீத் பொறுமையாக விளக்கினார். "பேருக்கும் நம்பருக்கும் ஆரும் உரிமை கொண்டாட ஏலாது தம்பி. தொகுத்த விதத்துக்குத்தான் உரிமை. அவர் உங்கடயப் பார்த்து எழுதினதெண்டு காட்டோணும். உங்கட பட்டியல்ல மட்டும் இருக்கிற ஒரு பிழை அவர்ட புத்தகத்திலயும் இருந்தா, ஆள் தப்ப ஏலாது."

வேறோர் இடத்தில் பக்கத்தைத் திறந்தேன். பாலையூற்று வீரசிங்கம், ஓ நெகட்டிவ் என்று ஒரு வரி சேர்த்தேன். அப்படி ஒருவர் கிடையாது. இலக்கம் என்னுடைய இரண்டாவது கைத்தொலைபேசியினது. ஞானசேகரத்தின் அடுத்த பதிப்பில் வீரசிங்கம் வந்துவிட்டார்.

"இது காணும், வழக்குப் போடலாம்," என்றார் மஜீத். "இனி அந்தப் பேர எடுத்துவிடுங்க. ஆராவது நம்பி அந்த நம்பருக்கு அடிச்சிருவாங்க."

ஓம் என்றேன். எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அந்தத் தொலைபேசி அடித்தது.

"வீரசிங்கம் அண்ணையே? நான் ஞானசேகரம். ஆஸ்பத்திரியில நிக்கிறன். மனிசிக்குப் பிள்ளை பிறந்து இரத்தம் நிக்குதில்லை. ஓ நெகட்டிவ் முடிஞ்சு போச்சாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

என் குரலை அவன் அறியவில்லை. பட்டியலில் அடுத்த வரி நிலாவெளிப் பள்ளிக்கூடத்து றம்லா ரீச்சர். அதே வகை. கூப்பிட்டால் ஓடி வருகிற மனிசி.

"ஓம், வாறன்," என்றேன். "வேற ஆரையும் கூப்பிட்டு அலைக்கழிக்காதேங்கோ."

பிளேன்ரீ ஊற்றிக்கொண்டேன். மறுபடி அடித்தான். சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள், இந்தா விடப்போகிறார்கள் என்றேன். அழுதழுது நன்றி சொன்னான். அதன்பிறகு அடித்தபோது நான் எடுக்கவில்லை. அவன் பிந்திக் கூப்பிட்டு றம்லா ரீச்சர் வந்து சேர்ந்தபோது கமலேஸ்வரி இல்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையில்லை.

"வாறனெண்டு சொன்னவன், கதிரவேல்," என்றான் ஞானசேகரம் என் கையைப் பிடித்து. "ஆர் இந்த வீரசிங்கம்? ஆர் இந்தப் பேரைப் போட்டது?"

"உம்மட புத்தகம்," என்றேன். "உரிமையும் உம்மடதுதானே."

அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான். பொலிசில் அவன் கொடுத்த முறைப்பாட்டால்தான் இன்று உங்கள் முன் இருக்கிறேன்.

கமலேஸ்வரி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் ஒரு களவை நிரூபித்தேன், அவ்வளவே. பட்டியலில் பொய்த் தகவல் போட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் திருத்திவிடுங்கள், ஐயா. பெயரும் ஊரும்தான் பொய். இலக்கம் என்னுடையது. ஓ நெகட்டிவ்வும் என்னுடையதுதான்.