கறையில்லாத மணவாட்டி

முட்டைக் கறையோ பால் கறையோ, முதலில் வெந்நீரில் போடக் கூடாது. போட்டால் கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் பொறுமையாக அலச வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக வீட்டின் முன்னறையில் சலவைக் கடை வைத்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். பொறுமை இல்லாதவனுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. என் மனைவியை நான் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

சபையில் நான் மூப்பர். கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகளுக்கு வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. எல்லாரும் என்னை 'இஸ்திரி மூப்பர்' என்பார்கள். "இஸ்திரி தெரிஞ்சவருக்கு ஸ்திரீயைத் தெரியாதா?" என்று பாஸ்டரே மேடையில் சொல்லிச் சிரிப்பார். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். சபை கிறிஸ்துவின் மணவாட்டி. அவர் தம் உயிரைக் கொடுத்து, அவளைக் கழுவி, கறையும் சுருக்கமும் இல்லாதவளாகத் தம் முன்னால் நிறுத்துகிறார். கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டியதும் அதுவே. உதாரணம் காட்ட என் மனைவியை முன்வரிசையில் உட்கார வைப்பேன். அவள் குனிந்த தலை நிமிர மாட்டாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். வேளை தவறாமல் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள். நான் குறை சொன்னதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊசி போட்டவள் சரியாகச் சாப்பிடாமல் வந்துவிட்டாள். திருவிருந்து நேரத்தில் வேர்த்து, கண் சொருகிச் சரிந்தாள். நான் தாங்கிப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இவரை என் பக்கத்துல வர விடாதீங்க. எனக்கு பயமா இருக்கு. வீட்டுக்கு அனுப்பிடாதீங்க" என்றாள்.

சபை முழுக்கக் கேட்டது. யாரோ வாயில் சர்க்கரை போட்டதும் தெளிந்து, என்ன பேசினோம் என்றே தெரியாமல் விழித்தாள். சர்க்கரை இறங்கினால் அப்படி உளறுவார்கள் என்று பாஸ்டர் எல்லாரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு, "கொஞ்ச நாள் வகுப்பை வேற யாராவது பாத்துக்கட்டும், அண்ணே" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். பேசியது அவள் இல்லை, ஊசி. அந்த மருந்துதான் அவளுக்குள் இருந்த கறை.

திங்கட்கிழமை காலை ஃப்ரிட்ஜிலிருந்த மருந்தை எடுத்துக் கடையின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க, என் ஊசி எங்க?"

"மூணு நாள் உபவாசம் இருப்போம். ரெண்டு பேருமே."

"விளையாடாதீங்க. அது இல்லன்னா நான் செத்துருவேன்."

"விசுவாசம் இல்லையா உனக்கு?"

"விசுவாசமும் இருக்குங்க. ஊசியும் வேணுங்க."

அப்படிப் பதில் சொல்கிறவளாகத்தான் ஆகியிருந்தாள். அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். ஜெப நேரத்தில் போன் எதற்கு? வாசல் கதவையும் உள்பக்கம் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வாந்தி எடுத்தாள். தாகம் தாகம் என்றாள். கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மணவாளன் மணவாட்டிக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததைப் பற்றிப் பேசினேன்.

"அவரு தன் உயிரத்தானேங்க கொடுத்தாரு" என்றாள்.

"பேசாதே, நாக்கு வறண்டுபோகும்" என்றேன்.

மத்தியானம் அவள் அக்கா வந்து கதவைத் தட்டினார். "அவ ஜெபத்துல இருக்கா, அண்ணி. நாளைக்கு வாங்க" என்று உள்ளிருந்தே சொன்னேன். உள்ளறையில் என் மனைவி, "அக்கா, அக்கா" என்றாள். குரல் காய்ந்துபோயிருந்தது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாசலுக்கு எப்படிக் கேட்கும்? அண்ணி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. என் மனைவி அந்தச் சத்தம் ஓய்கிறவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு என்னிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை அவள் மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை வந்தது. நல்ல அடையாளம் என்று நினைத்தேன். அவளுடைய கல்யாண வெள்ளைச் சேலையை எடுத்து, ஒரு மடிப்பு விழாமல் தேய்த்து உடுத்திவிட்டேன். கை கால் துணிபோலத் துவண்டு, திருப்பின பக்கம் திரும்பியது. பிறகு மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம். எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். மருந்து என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் யாராவது வந்திருப்பார்கள். பிழைத்து எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து மறுபடி என்ன பேசுவாளோ என்று தோன்றியது. இந்த முறை தெளிவான புத்தியோடு பேசுவாள். மருந்தை உள்ளே வைத்துப் பூட்டினேன். ஆமாம், தெரிந்துதான் பூட்டினேன். அவள் அடங்க இன்னும் நாலு மணி நேரம் ஆனது. பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் காதருகே குனிந்து, "சம்மதம்தானே?" என்று கேட்டேன். தலையசைத்தாள்.

அந்த நிலையில் சுயநினைவு இருக்காது, மூச்சு வாங்கும்போது தலை தானாக ஆடும் என்கிறார் உங்கள் டாக்டர். அவர் சின்னப் பையன், மேடம். இன்னும் கல்யாணம் ஆகாதவர். மனைவி எப்படிச் சம்மதம் சொல்வாள் என்று அவருக்கு என்ன தெரியும்?