பின்வாசலில் நின்ற நான்கு ஜாக்கிகள்

எங்கள் அடுக்ககத்தில் துணிக்கொடியை எந்த உயரத்தில் கட்டலாம் என்பதற்குக்கூட ஒரு விதி உண்டு. அதை எழுதியவன் நான்தான். சிங்காநல்லூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம். கட்டி இருபத்தாறு வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாக நான் சங்கச் செயலாளர். அதற்கு முன் ஒரு மில்லில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீஸில் இருந்தேன். ஷிப்டுக்கு இரண்டு நிமிடம் பிந்தி வந்தவனைத் திருப்பி அனுப்புவது என் வேலை. யாரும் என்னைக் கெட்டவன் என்று சொன்னதில்லை.

என் பெயர் அழகிரிசாமி. வயது அறுபத்தேழு. வாயால் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும், நானே எழுதித் தருகிறேன் என்றேன். நீங்கள் காகிதம் கொடுத்தீர்கள். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. யாரும் கூட்டிவரவில்லை.

பிரான்சிஸ் நான்கு வருடத்துக்கு முன் தரைத்தளத்தில் வீடு வாங்கினார். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மனைவி மதிவதனி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் வாங்க வந்தபோது சொந்த ஊர் எது, அப்பா யாருடைய தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதையெல்லாம் விசாரித்து வைத்தவன் நான்தான். விசாரித்ததை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததை என் பெருந்தன்மை என்றே நினைத்திருந்தேன்.

மதிவதனி ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியேறி வந்து எனக்கு பிரஷர் பார்த்துவிட்டுப் போகும். நான் கேட்டதில்லை. ஒரு தடவை எனக்குத் தலைசுற்றல் வந்ததைப் பார்த்துவிட்டு, அதுவாக ஆரம்பித்த வழக்கம். "உப்பைக் குறைங்க சார், அம்மாகிட்டச் சொல்லிப்போடுவேன்" என்று சிரிக்கும். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர்கள் வீட்டுப் பின்வாசலுக்கு மேலே முதல்மாடி பால்கனியின் கான்கிரீட் தளம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழேதான் துணி துவைக்கும் கல். முதல்மாடி வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கித் தளத்தின் அடிப்பக்கம் பெயர ஆரம்பித்தது. பிரான்சிஸ் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தார். ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றேன். அடுத்த கூட்டத்தில் வைக்கவில்லை.

ஆடி மாதக் கூட்டத்தில் அவரே எழுந்து கேட்டார். "சார், இது நான் கேக்கற உபகாரம் இல்லீங்க. பொதுக் கட்டடத்தைப் பாத்துக்கறது சங்கத்தோட கடமைங்க. நீங்க எழுதின விதியிலேயே இருக்குது, பதினாலாவதா." என் புத்தகத்தை என்னிடமே படித்துக் காட்டினார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. பழுது பார்ப்பதைப் பரிசீலிப்போம் என்று எழுதிக் கூட்டத்தை முடித்தேன். பரிசீலிக்கவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் அவர் தானே ஆள் பிடித்து வந்துவிட்டார். மாரப்பன் என்ற சின்னக் கான்ட்ராக்டர். முதல் வேலையாக நான்கு இரும்புக் கம்பங்களை நிறுத்தி, தளத்துக்கு அடியில் திருகி முட்டுக் கொடுத்தார். சென்ட்ரிங் ஆட்கள் ஜாக்கி என்பார்களே, அதுதான். நான் போய் வேலையை நிறுத்தினேன். அனுமதி இல்லை, பொது இடம், கையில் நோட்டீஸ். மாரப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"வேலை வேண்டாம்னா நிறுத்திக்கறேனுங்க. ஜாக்கியை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. உள்ள கம்பி பூராத் துருப்புடிச்சுப் போச்சுங்க. இது நாலும்தான் தாங்கிட்டு நிக்குது."

"அனுமதி வாங்கீட்டு நிறுத்தியிருக்கோணும்" என்றேன்.

மதிவதனி ஈரக் கையோடு பின்வாசலுக்கு வந்தது. "ஒரு மாசம் பொறுத்துக்கங்க சார். மழை முடியட்டும். அப்புறம் நீங்க சொல்றபடி கேக்கறோமுங்க." நோட்டீஸைக் கதவில் ஒட்டினேன். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அகற்றவும் என்று அதில் இருந்தது. அவர்கள் அகற்றவில்லை. இரண்டு நாள் போகவர அந்த நான்கு கம்பங்களைப் பார்த்தேன். அவை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டி மாதா கோயில் தேர். இருவரும் காலையிலேயே புறப்பட்டுப் போனார்கள். போகும்போது மதிவதனி என்னைப் பார்த்து, "இன்னைக்கு பிரஷர் பாக்க முடியலீங்க சார், நாளைக்கு வாரேன்" என்றது. சரி அம்மணி என்றேன். பதினொரு மணிக்கு நான் கீழே இறங்கி நான்கு ஜாக்கிகளையும் எடுத்துவிட்டேன். ஜெனரேட்டர் அறையில் வைத்துப் பூட்டினேன். அதன் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

சாயங்காலம் நல்ல மழை. அவர்கள் நனைந்துகொண்டு வந்து முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். பின்கதவைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மதிவதனி திருவிழாத் துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனது. நான் இரண்டாவது மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தளம் விழுந்த சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பிரான்சிஸ் கூப்பிட்டதுதான் கேட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

உங்கள் ஆட்கள் வந்து, ஜாக்கிகள் எங்கே என்று கேட்டார்கள். ஞாயிறு மத்தியானம் மாரப்பன் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் தயாராக இருந்தது. ஜாக்கிகள் அவருடையவை, அனுமதி இல்லாத வேலை, கேட்கிற எவருக்கும் நம்பத் தோன்றும். மாரப்பன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். எதிரே நின்றுகொண்டு நான் மறுபடியும் அதையே சொன்னேன். அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பத்தொன்பது நாளாக உள்ளே இருக்கிறார்.

பதினாறாம் நாள் வழிபாடு முடிந்த மறுநாள் பிரான்சிஸ் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேச்சைக் கேக்காமப் போயிட்டனுங்க சார். கண்ட ஆளையும் கூட்டியாந்து வேலைய உட்டேன். நானேதான் அவளக் கொன்னுபோட்டேன். என்னை மன்னிச்சுப்போடுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் அவர் தோளில் தட்டி, "விடுங்க பிரான்சிஸ். இனிமேலாவது கேட்டுச் செய்யுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். படியிறங்கிப் போகும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் போனார். நாற்பத்திரண்டு வயதுக்காரர்.

ரங்கம்மாள் சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டிருந்தாள். என் மனைவி. நாற்பது வருடம் என்னோடு இருந்தவள். அந்த ஞாயிறு பதினொரு மணிக்கு நான் பழைய சட்டை போட்டுக்கொண்டு கீழே போனதும், கையெல்லாம் துருவோடு வந்து சோப்புப் போட்டுக் கழுவியதும் அவளுக்குத் தெரியும். அதுவரை எதுவும் கேட்கவில்லை. அவர் போனபிறகு அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. இன்று காலை செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுங்களா?"

ஆகவே, நானாக வந்தேன் என்று மேலே எழுதியதைத் திருத்திக்கொள்ளவும். அடித்துவிட்டு எழுதினால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

மாரப்பனை இன்றே வெளியே விடுங்கள். அவர் எதுவும் செய்யவில்லை. ஜெனரேட்டர் அறைச் சாவியை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். பிரான்சிஸிடம் யார் சொல்வது என்று தெரியவில்லை. நான் சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி நினைப்பதற்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்டீர்கள், எடுத்தால் விழும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியாது, கான்ட்ராக்டர்கள் எப்போதும் பயமுறுத்துவார்கள் என்று நினைத்தேன் என்றேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிவந்ததும் அதுதான்.

மூன்று ஜாக்கிகளைத் திருகு தளர்த்திக் கையால்தான் எடுத்தேன். மூன்றாவதை எடுத்தபோது மேலேயிருந்து சிமெண்டுத் தூள் என் தோளில் கொட்டியது. நான்காவதன் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மதில் வரைக்கும் பின்னால் போய் நின்றுகொண்டு இழுத்தேன். அது சாய்ந்து விழுந்தது. தளம் விழவில்லை. ஐந்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தேன். மாடிப்படிக்குப் போக அந்தத் தளத்துக்கு அடியில் நடப்பதுதான் குறுக்கு வழி. நான் மதிலோரமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.