நேரலைக்கு முன் முடிந்த கதை

எங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்கு நான்தான் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். அதற்கென்று ஓர் ஆளை வைத்தால் வந்தவர்கள் விறைத்துப்போய் இருப்பார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவனே கோப்பையை நீட்டினால் முகம் இளகிவிடும். அன்றும் அப்படித்தான். மார்க்கண்டருக்குச் சீனி போடாமல், சுபாஸ்கரனுக்குப் பால் விட்டு.

வாக்குமூலம் என்றாலும் நீங்கள் அவசரப்படுத்தாமல் ஆறுதலாகக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நானும் ஆறுதலாகவே சொல்கிறேன்.

கொக்குவிலில் ரயில் பாதையோரம் ஒரு வீட்டின் மேல்மாடியில்தான் எங்கள் இணைய ஒளிபரப்பு. ரயில் வந்தால் கதையை நிறுத்திக்கொண்டு இருப்போம். தொடங்கிய காலத்தில் நான் எவரையும் சண்டைக்கு விட்டதில்லை. கிணற்றுத் தண்ணீர் பற்றி இரண்டு விவசாயிகளை அழைத்தேன். அவர்கள் ஒருவரையொருவர் மதித்துப் பேசி, கடைசியில் முறைவைத்து இறைப்பதென்று ஒத்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அதற்கடுத்த முறை ஒரு வேட்பாளர் மற்றவரின் சேட்டுக் கொலரைப் பிடித்தார். அதைக் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் சனம் இன்றைக்கும் அனுப்பி அனுப்பிப் பார்க்கிறது.

நான் பேராசைப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சனம் முப்பது வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த சனம். கத்தட்டும் என்று விட்டேன். கத்தி ஓய்ந்தால்தான் கதைக்க முடியும் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

மார்க்கண்டர் வடகரையில் சிறுவலைக்காரர்களின் சங்கத் தலைவர். சுபாஸ்கரன் அதே கரையில் இழுவைப் படகு வைத்திருந்தவர். இழுவைமடி என்கிற அந்தப் பெருவலை கடலின் அடியை வழித்துக்கொண்டு போகும். குறுக்கே கிடக்கிற சிறுவலைகளையும் அறுத்துக்கொண்டு போகும். அப்படி அறுந்த வலையைத் தேடிப் போன மார்க்கண்டரின் மகன் சயந்தன் திரும்பி வரவில்லை. அறுத்தது சுபாஸ்கரனின் படகு என்று ஊர் சொன்னது. அதற்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. என் மேல்மாடியில்தான் முதன்முதலாக ஒரே அறைக்குள் இருந்தார்கள்.

விளக்குகளைச் சரிபார்க்க நான் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மார்க்கண்டர் அழுது முடித்திருந்தார். சுபாஸ்கரனின் கை அவர் முழங்காலின்மேல் இருந்தது.

"தம்பி, நாங்கள் கதைச்சு முடிச்சிட்டம்," என்றார் மார்க்கண்டர். "இவர் இழுவைமடியை விடுறாராம். எங்களைப்போல சிறுவலைக்கு மாறுறாராம். சங்கத்திலை இவருக்கு இடம் எடுத்துக் குடுக்கிறது என்ரை பொறுப்பு. இதைச் சொல்லிப்போட்டுப் போறம்."

"சண்டை இல்லாட்டி உங்களுக்குக் கரைச்சலே அண்ணை?" என்று சுபாஸ்கரன் சிரித்தார்.

"ஒரு கரைச்சலும் இல்லை. அதைக் கடைசியிலை சொல்லுவம். முதல்லை சனத்துக்குப் பிரச்சினை விளங்கவேணும்," என்றேன்.

அது பொய் அல்ல. கடைசியில் சொல்ல வைக்கலாம் என்றுதான் இருந்தேன்.

நேரலை தொடங்கியது. ஒரு வாரமாக விளம்பரம் செய்திருந்ததால் நிறையப் பேர் வந்து காத்திருந்தார்கள். இவர்களோ "அவர் சொல்லுறதும் சரிதான்" என்று மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோவது எனக்குத் திரையில் தெரிந்தது. அப்போதுதான் அந்த ஒலிப்பதிவைப் போட்டேன். நிகழ்ச்சிக்கு முன்பு கரையில் இருக்கிற சுபாஸ்கரனின் மீன்வாடிக்குப் போய்க் கதைத்தபோது என் கைத்தொலைபேசியில் எடுத்தது. குரல் அவருடையதுதான்.

"கடலுக்குப் போறவன் சாகத்தான் செய்வான். அதுக்கு நான் என்ன செய்ய?"

மார்க்கண்டர் சேட்டில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இப்பதானே என்ரை முழங்காலிலை கையை வைச்சனீ," என்றார்.

சுபாஸ்கரன் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, அது முழுக்க இல்லை. மிச்சத்தையும் போடுங்கோ."

நான் அடுத்த கேள்விக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்த அளவு பேர் எங்கள் நிகழ்ச்சியை ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மார்க்கண்டர் பெற்றோல் கலனோடு கரைக்குப் போய்ச் சுபாஸ்கரனின் படகுக்கு நெருப்பு வைத்தார். படகில் ஆள் இருந்தது அவருக்குத் தெரியாது. அதை நான் எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன். சுபாஸ்கரன் கீழறைக்குள் இருந்திருக்கிறார். மடியை இழுக்கிற இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். மனைவி துஷாந்தினி போகவேண்டாம் என்று மறித்திருக்கிறாள். "அவர் நம்பாட்டியும் நான் சொன்னது சொன்னதுதான்," என்றுவிட்டுப் போயிருக்கிறார்.

உள்ளே இருந்து குரல் கேட்டதும் நெருப்புக்குள் பாய்ந்தது மார்க்கண்டர்தான். இரண்டு கைகளும் வெந்துபோயின. சுபாஸ்கரனை வெளியே இழுத்துப்போட்டபோது உயிர் இல்லை. இப்போது மார்க்கண்டர் சிறைக்காவலோடு வைத்தியசாலையில் கிடக்கிறார்.

பதிவின் மிச்சத்தைக் கேட்கிறீர்கள். ஓம், முழுவதும் என்னிடம் இருக்கிறது. "அதுக்கு நான் என்ன செய்ய" என்றதோடு சுபாஸ்கரன் நிறுத்தவில்லை. பிறகு சொன்னார்: "இப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிப் பாக்கிறன் அண்ணை. சரிவரேல்லை. மடியை இழுக்கிற நேரமெல்லாம் அந்தப் பெடியன்ரை முகம்தான் வருது."

அதை வெட்டியது நான். வேறு எவரும் தொடவில்லை. தேவைப்படலாம் என்று நிகழ்ச்சிக்கு முன்பே வெட்டி வைத்திருந்தேன். இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

செத்தவீட்டுக்கும் போயிருந்தேன். துஷாந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பதிவு ஏதோ பிழையிலை பாதியிலை நிண்டுபோச்சு எண்டுதான் அவர் சொன்னவர். அவர் கதைச்ச மிச்சத்தையும் சனம் கேக்கவேணும் அண்ணை. நீங்கள்தான் போடவேணும்," என்றாள். போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தனியே போட்டால் அது வெறும் ஒப்பாரியாகிவிடும். அதனால் மார்க்கண்டரின் மகள் வித்தியாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்னை விட்டால் அடுத்த வாரமே நடத்தலாம். எதிரெதிரே இருத்தினால்தான் இரண்டு பெண்களும் மனம்விட்டுக் கதைப்பார்கள். மற்றவள் வருவது ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்தால் அவர்களும் முதலே கதைத்து முடித்துவிடுவார்கள்.