ஆணாக மாறிய ஈக்கள்

– இப்ப அந்த ஈக் குப்பிங்களைத் தொடாத, குட்டி. ரெண்டு மணிக்கு பிஎச்.டி. கமிட்டி முன்னாடி நிக்கணும். முடிச்சுட்டு வந்து ஆற அமரப் பாரு.

– பார்த்துட்டுத்தாண்ணா போவேன்.

– வம்பு பண்ணாத. கல்யாண வீடியோக்காரன் மெனக்கெட்டு உனக்கு ஒரு அறிவியல் படம் செஞ்சு கொடுத்திருக்கேன். அது திரைக்கே வராமப் போயிடும் போலிருக்கே.

– புரிஞ்சுதான் செஞ்சியா? எங்க, சொல்லு.

– புரியாம என்ன? ஒரே ஃபுட்டேஜை பொண்ணு வீட்டுக்கு ஒரு மாதிரி வெட்டுவேன், மாப்பிள்ளை வீட்டுக்கு வேற மாதிரி. உன் பழ ஈயும் அப்படித்தான். ஜீன்லேர்ந்து வர்ற ஆர்.என்.ஏ. ஒண்ணுதான். பெண் ஈல ஒரு மாதிரி வெட்டி ஒட்டுது, ஆண் ஈல இன்னொரு மாதிரி.

– எந்தத் துண்டைச் சேர்க்கணும்னு முடிவு பண்ற புரதங்கள் இருக்கு. யாரும் பார்க்காத ஒண்ணைக் கண்டுபிடிச்சேங்கிறதுதான் என் ஆராய்ச்சியே. அதைக் கெடுத்தா, பெண்ணா வர வேண்டிய ஈ ஆணா வந்து நிக்குது.

– அப்புறம் என்ன பயம்?

– கமிட்டியில இருக்கிற பெரிய புரொபசர் நம்பலை. வெளியிலேர்ந்து சாதா ஆண் ஈ நாலு புகுந்திருக்கும், அதைப் பார்த்துட்டுக் குதிக்கிறேங்கிறார்.

– அந்த மனுஷன் வாயில நல்ல வார்த்தையே வராதா?

– கேக்குறது நியாயம்தான். மாறின ஆணுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது, அது இல்லாம வாரிசு உண்டாக்க முடியாது. அதான் கன்னி ஈக்களோட சேர்த்து விட்டேன். முட்டை பொரிஞ்சு குப்பியில புழு வந்தா அது சாதா ஆண். என் அஞ்சு வருஷம் காலி.

– அதனாலதான் சொல்றேன், பார்க்காமப் போ. பார்க்காதவ பொய் சொன்னதா ஆகாது.

– கண்ணை மூடிக்கிட்டுப் போய் நிக்கவா? தள்ளு.

– சரி, என்னதான் தெரியுது? வாயைத் தொறந்து சொல்லேன்.

– இதுல இல்லை. அதுலயும் இல்லை. ஒரு குப்பியிலயும் ஒரு புழு கூட இல்லைண்ணா.

– அடி சக்கை. நீ ஜெயிப்பேன்னு அப்பவே சொன்னேன்ல.

– எப்ப சொன்ன? பார்க்காதேன்னுதானே சொன்ன.

– மனசுக்குள்ள சொன்னேன். கிளம்பு, மணியாகுது. ஓரமா இருக்கே, அது என்ன?

– அதுல சாதா ஆண் ஈ. அதே கன்னி ஈக்கள், அதே தீனி. இதுல புழு இருந்தே ஆகணும்.

– அது ஊரறிஞ்ச ஆம்பளை. அதைப் போய் எதுக்குச் சோதிக்கிற?

– இதுலயும் இல்லைன்னா குறை வேற எங்கயோ இருக்கு, தீனியிலயோ பெண் ஈலயோ. அப்ப என் குப்பிங்க காலியா இருக்கிறதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. டார்ச்சைப் பிடி.

– பிடிச்சிருக்கேன். ஏன், ஏன் உக்காந்துட்ட?

– இதுலயும் ஒண்ணுமில்லைண்ணா. கன்னி ஈ சேர்க்கிறதுலேர்ந்து எல்லாம் மறுபடி செய்யணும்.

– செய்யலாம், நிதானமா செய்யலாம். இன்னைக்கு உள்ள போய் உன் குப்பியில புழு இல்லைன்னு மட்டும் சொல்லு. நிஜம்தானே அது? இதைப் பார்த்தது நாம ரெண்டு பேரும்தான்.

– அந்தச் சாதா ஆண் குப்பியை எடுத்துட்டு வா. புரொபசர் மேஜையில முதல்ல அதைத்தான் வைக்கப் போறேன்.