ஒன்பதாம் மாடிப் புறா

— திங்கக்கிழமை மத்தியானத்துலேர்ந்து மூணு போன். மூணு தடவையும் "புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம்". இன்னைக்கு புதன். இப்பதான் கூண்டைத் தூக்கிட்டு வர்றீங்க. பூட்ஸைக் கழட்டுங்க, தரையெல்லாம் பனிச்சேறு.

— மன்னிக்கணும் ரயீஸா ஜகாரவ்னா. புறா எங்கேங்க?

— பால்கனியில, வெள்ளரிக்கா ஊறுகாய் ஜாடி மேல. ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்தது, சமையலறை ஜன்னலையே பார்த்துக்கிட்டிருக்கு. துடைப்பத்தால தட்டினேன், நகரலை. மண்டையில கம்பி, முதுகுல பெட்டி, நெஞ்சுல கேமரா. இதெல்லாம் ஒரு புறாவா?

— புறாதாங்க. எங்க கம்பெனியில இதோட மூளைக்குள்ள மெல்லிசா ஒயர் வச்சிருக்கோம். சிக்னல் குடுத்தா இடமோ வலமோ திரும்பும். பாலம், மின்கம்பி இதையெல்லாம் மேலேர்ந்து பார்க்கப் பழக்கறோம்.

— என் அடுப்படியில எந்தப் பாலத்தைக் கண்டீங்க, யெகோர்? யெகோர்தானே, சட்டையில பேரு குத்தியிருக்கே?

— ஆமாங்க. வீடுகளைப் பார்க்கறதில்லைங்க. மனுஷ முகம் வந்தா கம்ப்யூட்டரே அழிச்சிடும்.

— போன்ல உங்க ஆபீஸ் பொண்ணும் இதையேதான் ஒப்பிச்சா. அழிக்கறதுக்கு முன்னால பார்க்கணுமா இல்லையான்னு கேட்டேன். உங்க கருத்துக்கு நன்றின்னுட்டா.

— நான் வெறுமனே பறவை பிடிக்கத்தாங்க வந்தேன். கொஞ்சம் தள்ளுங்க... வா கண்ணு, வா. பட்டினி கிடந்திருக்கும் பாவம்.

— கிடக்கலை. கஞ்சி வச்சேன். திட்டிக்கிட்டேதான் வச்சேன்.

— இதுல ஒரு கையெழுத்து வேணுங்க. பறவையை எடுத்துக்கிட்டாங்க, குடியிருப்பவருக்குப் பாதிப்பு எதுவுமில்லைன்னு.

— பாதிப்பு இல்லையா? அந்த ஸ்டூல்ல உக்காருங்க, சொல்றேன். இனிமே ஒளிக்க என்ன இருக்கு? பட்டாளத்துக்குக் கூப்பிட்டு என் தம்பி கொஸ்த்யாவுக்குக் கடுதாசி வந்துச்சு. போகமாட்டேன்னு அஞ்சு மாசம் இந்த அடுப்படியிலதான் கிடந்தான். ஜன்னல் பக்கம் தலைகாட்ட மாட்டான். ஞாயித்துக்கிழமை இது வந்துச்சு. பறவைதானேக்கா, விடுன்னான். நான்தான் கேக்கலை. பார்த்துட்டாங்கடா, சித்தி ஊருக்குப் போயிடுன்னு ராத்திரி பூரா நச்சரிச்சு, காலையில பையைக் கையில திணிச்சு அனுப்பினேன். ரயிலடி வாசல்லயே பிடிச்சுட்டாங்க. நேத்து ஒரு நிமிஷம் பேசவிட்டாங்க. மொட்டை அடிச்சுட்டாங்கக்கா, காது குளிருதுன்னான். அதுக்கப்புறம் லைன் கட்டாயிடுச்சு.

— எனக்குத் தெரியாதுங்க.

— யாருக்குத் தெரியும்னுதான் கேக்கறேன். பெட்டி மேல உங்க நம்பர் போட்டிருந்துச்சு, அதனால உங்களைக் கேக்கறேன். என் அடுப்படிப் படத்தை யாருக்கு அனுப்பினீங்க? அதை எழுதுங்க அந்தத் தாள்ல, கையெழுத்துப் போடறேன்.

— ரயீஸா ஜகாரவ்னா... எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. இது குளிர் தாங்காம உங்க வீட்டுச் சூட்டுக்கு ஒதுங்கியிருக்கு, அவ்வளவுதான். இதோட பாட்டரி சனிக்கிழமையே உறைஞ்சு போச்சு. கேமராவும் இல்லை, சிக்னலும் இல்லை, நாங்களே தெருத்தெருவா தேடிக்கிட்டிருந்தோம். இப்படி ஒரு வீடு இருக்கறதே நீங்க போன் பண்ணினப்புறம்தாங்க எங்களுக்குத் தெரியும்.