குதிரை ராட்டினத்தின் பிரேக்கை நான் இழுத்தது பற்றி

செய்தி வந்தது நேற்றுச் சனிக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு. என் பெயர் இரத்தினசிங்கம் வரதராஜா. வயது முப்பத்தொன்று. வதிவிடம் சிட்னி, வென்ட்வேர்த்வில். ரயில் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பொறியியலாளர். மனைவி ராதா எட்டு மாதத்துக்கு முன் இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

கதவைத் தட்டிச் செய்தி சொன்னவர் என் நண்பர் இந்திரகுமார். எங்கள் இருவருக்கும் பழக்கமான கல்யாணி அன்ரி தன் தங்கையின் மகள் ரஞ்சினியை எனக்குப் பேசியிருப்பதாகவும், அன்றே நகரப் பூங்காவில் நான் பெண் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஆண்டுத் திவசம்கூட முடியவில்லை, எனக்கு விருப்பமில்லை என்றேன். ஊரில் என்றால் கோயில் வீதியில் தற்செயலாகக் கண்டதுபோல் பார்க்கலாம், இங்கே அப்படிக் கோயில் வீதி இல்லாததால் அன்ரி பூங்காவின் பழைய குதிரை ராட்டினத்தைத் தெரிவு செய்திருக்கிறார் என்று விளக்கினார். "நீ சும்மா வேலிக்கு வெளியால நில். பெட்டை சுத்திச் சுத்தி வருவா. பிடிச்சால் உள்ளுக்குப் போ. பிடிக்காட்டி ஐஸ்கிறீம் வாங்கு" என்றார். நான் சட்டை மாற்றி, ஐஸ்கிறீமுக்குச் சில்லறையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அதன் பின்னர் வேலியோரம் நின்றேன். ராட்டினம் போன நூற்றாண்டில் செய்தது என்று பலகையில் எழுதியிருந்தது. அதன் இசைப்பெட்டி பழுதாகியிருந்தது. ரஞ்சினி பட்டுச்சேலையுடன் ஒரு வெள்ளைக் குதிரையில் பக்கவாட்டாக இருத்தப்பட்டிருந்தார். அன்ரி மறுபக்கத்தில், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றார்.

இரண்டாவது சுற்றில் ஐஸ்கிறீம் வாங்கத் திரும்பினேன். அப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்று இரும்புச் சத்தம் வருவதைக் கவனித்தேன். அப்படி ஒழுங்காக வந்தால் ராட்டினத்தைச் சுற்றும் பெரிய பல்லுச்சில்லில் ஒரு பல் உடைந்திருக்கும் என்பது என் முடிவு. வெளியே போன இடத்தில் நான் இப்படி இயந்திரத்துக்குக் காது கொடுத்து நின்றால் ராதா முழங்கையால் விலாவில் இடிப்பாள். நேற்று இடிக்க ஆள் இல்லை. ஆகவே வேலியைத் தாண்டி உள்ளே போய், ராட்டினம் ஓட்டும் முதியவரைத் தள்ளாமல், அவருக்கு மேலால் கையை நீட்டிப் பிரேக்கை இழுத்தேன்.

ராட்டினம் நின்றது. ரஞ்சினியின் குதிரை அது ஏறி இறங்கும் கம்பத்தின் உச்சியில் நின்றது. முதியவர் பொலிசுக்கு அறிவிக்கப் போனார். அன்ரி இந்தப் பக்கம் ஓடிவந்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "பாத்தியே தம்பி, பெடியனுக்கு இருக்கிற அவசரத்தை" என்று என்னோடு வந்திருந்த இந்திரகுமாரிடம் சொன்னது கேட்டது. நான் மேடையில் ஏறி, பயப்பட வேண்டாம், ஒரு பல் உடைந்திருக்கிறது என்று ரஞ்சினியிடம் சொன்னேன்.

"பல்லுமில்லை ஒண்டுமில்லை. நான் கிட்ட வாற நேரமெல்லாம் பெரியம்மா குடையால வேலிக் கம்பியில தட்டுறா. நிமிர்ந்து இருக்கட்டாம்."

இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

"தொடாதேங்கோ. தொட்டால் கலியாணம்தான்."

அதன் பின்னர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அவர், தனக்குத் தாதிப் பயிற்சி முடிய இன்னும் ஒரு வருடம் இருப்பதாகவும், இந்தப் பேச்சில் தனக்கு விருப்பமில்லை என்றும் தாழ்ந்த குரலில் கூறினார். "நீங்கள் மாட்டன் எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை. நான் சொன்னால் வாற சனியும் என்னை இதில ஏத்திவிடுவினம்."

ஓம் என்றேன்.

அதன் பின்னர் கான்ஸ்டபிள் வந்து அவரைத் தூக்கி இறக்கினார். தொட்டுத் தூக்கிய அந்தக் கான்ஸ்டபிளிடம் அன்ரி ஊர், பேர் எதுவும் விசாரிக்கவில்லை. நான் அன்ரியிடம் போய், சத்தத்துக்காகவே நிறுத்தினேன், கலியாணத்துக்குச் சம்மதமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெடியன் வெட்கப்படுகிறான் என்று அவர் சிரித்தார்.

ஆகவே பிரேக்கை இழுத்ததை ஏற்றுக்கொள்கிறேன். பெண்ணைப் பிடித்துப்போய் இழுத்தேன் என்பதை மறுக்கிறேன். இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி நான் கேட்டதும் அதை அன்ரி வாசிப்பதற்காகவே. இதன் பிரதி ஒன்றைச் சீருடையில் உள்ள ஒருவர் கல்யாணி அன்ரியிடம் நேரில் கொடுத்து, அவர் கடைசி வரி வரை வாசித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வாசிக்கக் கேட்டு, சரியெனக் கண்டு ஒப்பமிடுகிறேன். வழக்கு வைப்பதானால் கடிதம் அனுப்பவும். நேற்று மாலை முதல் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் தொலைபேசி எடுத்தபடி இருந்தார்கள். புதுப்பெண் வருவதற்குள் ராதாவின் சேலைகளை அலுமாரியிலிருந்து எடுத்துவிடச் சொல்லி ஒருவர் புத்தி சொன்னார். அதன் பின்னர் தொலைபேசியின் வயரைக் கழற்றிவிட்டேன்.

(ஒப்பம்) இ. வரதராஜா