சிலுவை போட்ட நாலு பேரு

விடியக்காலை ஆறு மணி... மார்கழிப் பனி. பாலசமுத்திரத்துல இருந்து கிழக்கே போற மண் ரோடு. ஈ காக்கா கிடையாது. கோவர்த்தனன் வாத்தியாரு ஸ்கூலுக்குத் தனியா நடந்து போய்க்கினு இருக்காரு. கிட்ட வந்து உக்காருங்கப்பா, கத்திச் சொல்ல என்னால ஆவாது. நம்ம சிட்டிபாபு இருக்கானே, அவனோட பெரிய மாமனாருதான் இந்த வாத்தியாரு.

அம்பத்தெட்டாம் வருஷம். எந்த ஊரு ஆந்திராவுக்கு, எந்த ஊரு மெட்ராஸுக்குன்னு இழுத்துக்கினு இருந்த நேரம். வாத்தியாருக்கு சாமியாருங்க ஸ்கூல்ல வேலை. அதுக்கு எம்பது வருஷம் முந்தி, தாது வருஷப் பஞ்சத்துல ஒரு வெள்ளைக்காரச் சாமியாரு, ரோட்டோரம் கிடந்த பிள்ளைங்களைத் தூக்கியாந்து, கஞ்சி ஊத்தி, மணல்ல எழுத வெச்சு ஆரம்பிச்ச ஸ்கூலு.

அங்க தமிழ் கிளாஸை மூடப் பார்த்தாங்க. பத்து பிள்ளைங்க இருந்தாதான் கிளாஸு, இல்லேன்னா எல்லாத்தையும் தெலுங்குல உக்கார வைன்னு ஆர்டரு. வாத்தியாருகிட்ட இருந்தது ஆறே ஆறு. அதுல மல்லிகான்னு ஒரு பொண்ணு, தெலுங்குன்னா நான் ஆடு மேய்க்கவே போறேன் சார்னுட்டா. மூணு மாசமா வீடு வீடா ஏறி இறங்கினாரு. ஒருத்தரும் பிள்ளைய அனுப்பல. மனுஷனுக்கு அலுத்தே போச்சு.

இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முந்தின சாயங்காலம், பீரோல இருந்து வெள்ளைக்காரச் சாமியாரோட பழைய ரிஜிஸ்டரை எடுத்தாரு. ஒரே கரையான் மண்ணு. அதுல நாலு பேருக்குப் பக்கத்துல மட்டும் சின்னதா சிலுவை. ஞானஸ்நானம் வாங்கினவங்கன்னு நெனைச்சிட்டாரு... விபூதி பூசுற ஆளு, அவருக்கென்ன தெரியும்? வேதக்காரப் பிள்ளைங்கன்னா இப்ப ஸ்கூலைப் பார்த்துக்கிற சாமியாரும் நோண்ட மாட்டாருன்னு, அந்த நாலு பேரையும் தன் ரிஜிஸ்டர்ல சேர்த்துட்டாரு. காய்ச்சல், வரலன்னு சொல்லிக்கலாம்.

மொதல்ல சொன்னேனே, அந்த ரோட்டுல நடந்து போனது மறுநாள் காலையில. பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாரு. தெலுங்குக்காரரு. தலை நிமிராம அவரே பேரு கூப்பிட்டாரு. ஆறு பிள்ளைங்களும் பதில் சொல்லிச்சு. ஏழாவது பேரு... வாத்தியாரு 'காய்ச்சல்'னு வாயெடுக்கிறாரு...

"உள்ளேன் ஐயா."

காலியா இருந்த கடைசி பெஞ்சுல இருந்து. ரொம்ப சன்னமா. அடிப்பிடிச்ச கஞ்சி வாசனை வேற.

எட்டு... ஒம்போது... பத்து. நாலும் பதில் சொல்லிச்சு. இன்ஸ்பெக்டர் நிமிரவே இல்ல. "பதிமந்தி. சரிப்போயிந்தி"ன்னு, பத்து பேரு சரியா இருக்குன்னு தெலுங்குல சொல்லி, கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டாரு.

வாத்தியாரு பழைய ரிஜிஸ்டரைத் தூக்கிக்கினு, கோயில்ல செபம் சொல்லித் தர்ற உபதேசியாருகிட்ட ஓடினாரு. அவரு பார்த்துட்டு மெதுவா சொன்னாரு. "சார், அந்தக் காலத்துல செத்துப்போன பிள்ளைங்களுக்குத்தான் இப்படி சிலுவ போடுவாங்க."

கையெழுத்து ஆயிடுச்சு, கிளாஸு பொழைச்சுது, இதுக்கு மேல என்னால முடியாதுடா சாமின்னு, அன்னிக்கே தன் ரிஜிஸ்டர்ல சிவப்பு மையால அந்த நாலு பேரையும் அடிச்சுட்டாரு. ராத்திரி நிம்மதியா தூங்கினாரு பாவம்.

மறுநாள் காலை. ஆறு பிள்ளைங்க. மொதப் பேரு மல்லிகான்னு கூப்பிட்டாரு. முன்னாடிதான் உக்காந்துக்கினு இருக்கா. அவரையே பார்த்துக்கினு வாயைத் தொறந்தா... சத்தம் வரல. தொண்டையில கைய வெச்சுக்கினு மறுபடி தொறந்தா... வரல.

கடைசி பெஞ்சுல இருந்து வந்துச்சு. மல்லிகா கொரல்லயே.

"உள்ளேன் ஐயா."